பதினொன்றுக்கு ஒன்பது

பர்னபாஸ் குரூஸ் முதலில் ஜெயித்தது
மனிற்றோபாவில் அல்ல.
பஹாஹீலில், மீன் சந்தைக்குப் பின்னால்,
இருபது பேர் படுத்த எங்கள் ஹாலில்,
மெஸ் செயலாளர் பதவிக்கு.

எண்பத்தொன்பது, நோன்பு கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை.
சிகரெட் அட்டையைக் கிழித்துச் சீட்டு.
பால்பவுடர் டின்தான் பெட்டி.
எதிரே நின்றவர் வர்க்கீஸ் சேட்டன்,
நல்ல மனிதர், கணக்கு எழுதாதவர்.
பேசாலைக்காரன் கட்டில்மேல் ஏறி நின்று
சுண்டுவிரலில் தொடங்கி எண்ணினான்:
கணக்கு சுவரில் ஒட்டப்படும்,
கக்கூஸ் முறை எழுதிப் போடப்படும்,
பாக்கிக்காரன் பேர் சிவப்பில் வரும்.

எனக்கு மூன்று மாத பாக்கி.
என் ஓட்டு வர்க்கீஸ் சேட்டனுக்கு.

பதினொன்றுக்கு ஒன்பது.
அன்றிரவே பருப்பில் தண்ணீர் குறைந்தது.
மறுவாரம் சுவரில் என் பேர் சிவந்தது.

அடுத்த ஆகஸ்டில் டாங்கிகள் வந்தன.
அவன் அம்மான் வழியாக எங்கோ போனான்,
நான் பம்பாய் வழியாகத் தொண்டிக்கு.
தொண்ணூற்றிரண்டில் நான் திரும்பி வந்தேன்,
பெயிண்ட் குடோனுக்கு.
அவன் கட்டிலில் வேறு யாரோ.

பிறகு வந்த செய்தியெல்லாம் துண்டு துண்டாக.
வின்னிபெக்கில் பனி தள்ளும் வண்டி ஓட்டினானாம்.
பள்ளி வாரியத்துக்கு நின்றானாம், தோற்றானாம்.
மறுபடி நின்றானாம்.
மைனஸ் முப்பதில் கதவு கதவாகத் தட்டி
'உங்கள் தெருவில் எத்தனை மணிக்குப் பனி அள்ளுகிறார்கள்'
என்று மட்டும் கேட்பானாம்,
பதிலை நோட்டில் குறித்துக்கொள்வானாம்.
மாகாண சட்டமன்றத்தில் அவன் முதல் பேச்சை
என் மகன் போனில் அனுப்பினான்.
இங்கிலீஷில் பாதி பிடிபடவில்லை.
சுண்டுவிரல் பிடிபட்டது.

ஒருமுறை குவைத்துக்கே வந்தான்,
மாகாணக் குழுவோடு, பட்டாணி விற்க.
ஷர்க்கில் ஹோட்டல் வாசலில் நேபாளிக் காவலாளி
என் செருப்பைப் பார்த்தான், அப்புறம் என்னை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோட்டுக்குள் பர்னபாஸ்,
வெள்ளை அங்கிகளோடு கைகுலுக்கிக்கொண்டு.
நம்பரைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு
நூற்றிரண்டாம் நம்பர் பஸ் ஏறினேன்.
அந்த வாரம் போன் அடிக்கவில்லை.
அந்த வருடமும்.

முதியோர் இல்லம் ஒன்றை மூட
அவன் கட்சியே தீர்மானம் கொண்டுவந்த அன்று
எழுந்து எதிர்த்து ஓட்டுப் போட்டானாம்.
முதலில் பின்வரிசை,
அடுத்த தேர்தலில் அதுவும் இல்லை.
தனியாக நின்றான்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் போனது.

அங்கே இரவு பத்து. இங்கே விடியல் ஆறு,
கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிகிறேன்.
தெரியாத நம்பர்.
'மீராசா, நான் தோத்திட்டன்.'
இத்தனை வருடம் கழித்து
ஒரு மனிதனுக்கு என்ன ஆறுதல் சொல்வது?
வாயில் வந்தது வேறு:
எண்பத்தொன்பதில் என் ஓட்டு உனக்கில்லை.

'ஓம், தெரியும்.
எல்லாச் சீட்டும் ரெண்டா மடிச்சுக் கிடந்தது,
உன்ர மட்டும் நாலா.'
சிரிப்பா இருமலா, தெரியவில்லை.
'அந்த மூண்டு மாசக் காசு,
பிறகு கட்டினனியோ?'

அதற்குள் ரவுண்டானா வந்தது, லைன் போனது.

தொண்டியில் வாக்காளர் பட்டியலில்
என் பேருக்கு நேரே 'குடிபெயர்ந்தவர்'.
இங்கே கேட்கவே வேண்டாம்.
ஐம்பத்தெட்டு வயதில்
நான் போட்டு எண்ணப்பட்ட ஓட்டு ஒன்றே ஒன்று,
பால்பவுடர் டின்னில்,
அதுவும் தோற்ற பக்கம்.

இப்போது எங்கள் ரூமுக்கு நான்தான் மெஸ் செயலாளர்.
போட்டி இல்லை, யாருக்கும் வேண்டாம்.
கணக்கு சுவரில் ஒட்டுகிறேன்.
மூன்று மாத பாக்கியில் ஒரு பையன் இருக்கிறான்,
சுவர்ப் பக்கம் பார்க்காமலே நடப்பான்.
சிவப்புப் பேனா மட்டும்
இன்னும் வாங்கவில்லை.